புழு மனைக்குள் எண்ணெய் வாசனை

இருபத்தைந்து நாள் தின்று, பிறகு கூடு கட்டி, அந்தக் கூட்டுக்குள்ளேயே சாகப்போகிற உயிர்களை முதல் எட்டு நாள் மட்டும் வளர்த்துக் கைமாற்றிவிடுவது என் தொழில். பட்டுப்புழு முட்டைகளை வாங்கி வந்து பொரிக்க வைப்பேன். எறும்பைவிடச் சிறியதாக வெளிவரும் குஞ்சுகளுக்கு மல்பெரிக் கொழுந்தை நறுக்கிப் போடுவேன். இரண்டு முறை தோலுரித்து முடிக்கும் தறுவாயில் அவற்றை விவசாயிகளிடம் ஒப்படைத்துவிடுவேன். பாப்பாரப்பட்டிக்கு அருகில் இப்படி ஓர் இளம்புழு வளர்ப்பு மையத்தைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கல்லூரியில் படித்த விலங்கியல் எனக்கு இந்த வகையில்தான் சோறு போடுகிறது.

ஓர் உயிரின் பசிக்கு நேரம் தவறாமல் எழுந்து பழகியவர்கள் யாராக இருந்தாலும், புழு வளர்ப்பவர்கள், மாடு வைத்திருப்பவர்கள், படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவர்கள், எல்லோரும் என் இனம். கல்யாண வீட்டில் பாதிப் பந்தியில் எழுந்து ஓடிய அவமானம் உங்களுக்கும் உண்டு. ஆகவே உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவற்றை அடுத்த தொகுதிப் புழுவில் திருத்திக்கொண்டேன். ஒன்றை மட்டும் திருத்த முடியவில்லை. அது முனுசாமி என்ற விவசாயியின் வலது கை பற்றியது. அதைச் சொல்வதற்கு முன் நான் எப்படிப்பட்டவள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சந்தனம்

என் மையத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அதில் பத்து விதிகள். பிளீச்சிங் தூள் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே வரவும் என்று தொடங்கி, பவுடர், மல்லிகைப்பூ, சாம்பிராணி, கொசுவத்தி, புகையிலை, தைலம் ஆகிய எதன் வாசனையோடும் வரக் கூடாது என்று முடியும். காரணம் இல்லாமல் எழுதவில்லை. பட்டுப்புழு உடம்பின் இரு பக்கமும் வரிசையாக உள்ள துளைகளால் மூச்சு விடுகிறது. நமக்கு மணம் என்பது அதற்கு உடம்பு முழுவதும் புகுந்துவிடுகிற நஞ்சாக இருக்கலாம்.

ஒரு முகூர்த்த நாளில், ஒரு விவசாயி கல்யாண மண்டபத்திலிருந்து நேராகப் புழு வாங்க வந்துவிட்டார். சட்டையில் பன்னீர், கழுத்தில் சந்தனம், வாயில் தாம்பூலம். மூன்றும் வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டன. ஒரு முழம் தள்ளி நின்று முகர்ந்து பார்த்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்கினேன். என்னிடம் வேலை பார்க்கும் ரோஸிலின் துணி துவைக்கும் சோப்பை நீட்டினாள். அவர் மோட்டார் தொட்டியில் குளித்துவிட்டு, ரோஸிலின் தன் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்துத் தந்த லுங்கியைக் கட்டிக்கொண்டு, தலை சொட்டச்சொட்டத் தட்டுகளை வாங்கி வண்டியில் ஏற்றினார். நான் பதிவேட்டில் கையொப்பம் வாங்கும்போது, பட்டு வேட்டியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"எனக்குப் பொண்ணு குடுத்தவங்ககூட என்னிய இப்பிடி மோந்து பாக்கலைங்க மேடம்."

டிக்கெட்டா, லக்கேஜா

புழு ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கு முன்பும் ஏறக்குறைய ஒரு நாள் எதையும் தின்னாது. தலையை உயர்த்திக்கொண்டு அசையாமல் நிற்கும். கன்னட எல்லை பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, எங்கள் பகுதியில் அதை 'ஜொரம்' என்கிறார்கள். புழு அப்போது தன் கால்களை ஒரு மெல்லிய நூலால் படுக்கையோடு பிணைத்துக்கொள்ளும். அந்தப் பிடியை ஊன்றித்தான் பழைய தோலிலிருந்து உருவி வெளியே வரும். பிடி விட்டுப்போனால் தோலைக் கழற்ற முடியாது. தட்டோடு தட்டாக மெல்லத் தூக்கிச் செல்லலாம். ஆனால் படுக்கையைக் கலைக்கக் கூடாது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

ஒருநாள் எங்கள் வண்டி பழுதாகிவிட்டது. மாரண்டஹள்ளிக்காரர் ஒருவருக்குச் சேர வேண்டிய புழு ஜொரத்தில் நின்றுகொண்டிருந்தது. தட்டுகளை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். நடத்துநர் பெட்டியைத் தட்டப்போனார். தடுத்தேன்.

"என்னாங்க உள்ளார?"

"பட்டுப்புழு."

"உசுரோடவா?"

"ஆமாம்."

"உசுரோடன்னா டிக்கெட்டு, இல்லைன்னா லக்கேஜு. எதப் போடட்டும்?"

பக்கத்தில் தக்காளிக் கூடையோடு இருந்த அம்மாள் முந்திக்கொண்டார். "தலைக்கு ஒரு டிக்கெட்டு போடுப்பா. இந்த பஸ்ஸ வித்தாலும் பத்தாது." பேருந்தே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளத் தெரியவில்லை. "லக்கேஜ்தான். சரக்கு," என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னேன். பாலக்கோட்டைத் தாண்டியதும் ஓர் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வர, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். நான் கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் பெட்டியை அணைத்துக்கொண்டு முன்னிருக்கையில் நெற்றியை இடித்துக்கொண்டேன். நடத்துநர் என்னை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்:

"சரக்குன்னு சொல்லிட்டு ஏங்க புள்ளத்தாச்சி வயித்தப் புடிச்சிக்கிற மாதிரி புடிச்சிக்கிறீங்க?"

பதினேழாம் தட்டு

முனுசாமி நான் மையம் தொடங்கிய ஆண்டிலிருந்து என்னிடம் புழு வாங்குகிறவர். இரண்டு ஏக்கர் மல்பெரித் தோட்டம். வீட்டை ஒட்டி நீளமான ஒரு வளர்ப்பு மனை. மனைவி மாதம்மாள் இலை வெட்டிக் கொண்டுவந்து போடுவார். புழுவைப் பார்ப்பது இவர் பொறுப்பு. விவசாயிகள் எல்லோருக்கும் ஒரு வெப்பமானி கொடுப்பது என் வழக்கம். இவர் அதை ஜன்னலில் மாட்டி, அதே ஆணியில் சட்டையையும் மாட்டிவிட்டார். "உள்ளார போனாத் தெரிஞ்சிடுதுங்களே" என்பார். புழு பெரிதாகிய கடைசிக் கட்டத்தில், மனைக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்ப்பார். பல்லாயிரம் புழுக்கள் ஒரே நேரத்தில் இலையை மெல்லும் ஓசையை எல்லோரும் மழை என்பார்கள். எனக்கு அது, ஊரே கூடி உட்கார்ந்து கடலைக்கொடி ஆய்வது போல் கேட்கும். முனுசாமிக்கு அதில் எந்த மூலையில் இலை தீர்ந்தது, எந்த அடுக்கில் சூடு ஏறியது என்பதெல்லாம் கேட்கும். எனக்கு இது பிடிக்காது. அளக்க முடியாத எதையும் நம்பக் கூடாது என்று படித்தவள் நான்.

ஒரு காலையில் என் மையத்துக்கு வந்தவர், அடுக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே போய் பதினேழாம் தட்டின் எதிரே நின்றுவிட்டார்.

"மேடம், இது பசியா இருக்குதுங்க."

"பத்து மணிக்குப் போட்டாயிற்று." பதிவேட்டைத் திறந்து காட்டினேன். பத்து மணி, முப்பது தட்டுகள், ரோஸிலினின் கையெழுத்து.

அவர் வலது கையைத் தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நீட்டினார். மயிரிழை போன்ற அந்தப் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டின. பக்கத்துத் தட்டின் மேலும் நீட்டினார். அங்கே ஒன்றும் அசையவில்லை. "இலை சீக்கிரம் வாடியிருக்கும்," என்றேன். அந்தத் தட்டைத் தான் தவறவிட்டுவிட்டதாக ரோஸிலின் மாலையில் ஒப்புக்கொண்டாள். மகள் பள்ளியிலிருந்து கைபேசி அழைப்பு வந்ததாம். நான் அதை முனுசாமியிடம் பிறகும் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அன்றே தெரிந்திருந்தது. கிளம்பும்போது, பதிவேட்டை மரியாதையோடு மூடி என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"ரிஜிஸ்டரு சரியாத்தான் இருக்குதுங்க மேடம். புழுவுக்குத்தான் படிக்கத் தெரியலை."

ஜொரம்

போன ஆண்டு முனுசாமிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பின் நான் பார்க்கப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கையைத் திறந்து மூடிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண் பந்தைக் கையில் வைப்பாளாம். அவள் படியிறங்கியதும் இவர் உருட்டிவிடுவாராம். சோறு இரண்டு வாய். அதற்கு மேல் உதட்டைத் திறப்பதில்லை. "கையையும் காலையும் இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாது, அவர் மனசு வைக்க வேண்டும்," என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

தோட்டத்தை அழித்து மரவள்ளி போடச் சொல்லி அவருடைய தம்பி வற்புறுத்திக்கொண்டிருந்தார். மாதம்மாள் என்னை வெளியே அழைத்துவந்து, அடுத்த தொகுதியில் தனக்கு நூறு தாய்ப்பூச்சிகள் இட்ட முட்டைக்கான புழு வேண்டும் என்றார். தனியாக முடியுமா என்று கேட்டேன். எவ்வளவு இலை, எத்தனை ஆள், எத்தனை நேரம் என்று விரல் விட்டுக் கணக்கும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, வாசலிலிருந்து கட்டில் தெரிகிற இடத்தில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நம்ப புழு ஜொரத்துல நிக்கற மாதிரிதான் நிக்கறாரு மேடம். செத்துட்டுதுன்னு அதுங்கள வாரிக் கொட்டறமா என்ன?"

வலது கை

புழு போனது. மாதம்மாள் நாள் தவறாமல் கைபேசியில் பேசினார். புழு மூன்றாம் முறை தோலுரித்து நான்காம் கட்டத்தை எட்டியபோது முனுசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாராம். மனையின் பக்கம் கையைக் காட்டினாராம். மாதம்மாளும் மகனும் தாங்கிக் கொண்டுபோய், பழைய நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அன்று முதல் பகலெல்லாம் அங்கேயேதான். சோறும் அங்கேயே. நான்கு வாய், ஐந்து வாய் என்று ஏறியது.

ஒரு முற்பகல் அழைப்பு வந்தது. நான் புதிதாகப் பொரித்த குஞ்சுகளை இறகால் தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலையின்போது பேசுவது எனக்குப் பிடிக்காது. கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "மனையில் வெப்பம் எவ்வளவு?" என்றுதான் தொடங்கினேன். மறுமுனையில் மாதம்மாள் மூச்சு வாங்குவது கேட்டது. ஓடி வந்து பேசுகிறார் போலும்.

"இருங்க மேடம், பாத்துட்டு வந்து சொல்றன்."

"ஈரப்பதம்?"

"அதையும் பாக்கறங்க."

பார்த்துவிட்டு வந்து இரண்டு எண்களையும் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. வைத்துவிடட்டுமா என்றேன். அப்போதுதான் சொன்னார்:

"ஒரு கொப்பு எடுத்து புழுவுக்கு வெச்சாருங்க மேடம், வலது கையால. அதச் சொல்லத்தான் போன் பண்ணன்."

தைலம்

கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு விவசாயியின் மனையையும் ஒருமுறை நேரில் பார்ப்பது என் ஒழுங்கு. கூடு கட்டுவதற்கு முந்தைய அந்த ஏழு நாளில்தான் நோய் வந்தால் எல்லாம் போகும். மாதம்மாளின் மனைக்குள் காலை வைத்ததும் எனக்கு எட்டியது புழுவின் வாடையோ இலையின் வாடையோ அல்ல, தைலம். பென்னாகரம் பக்கத்து வைத்தியர் ஒருவர் காய்ச்சிக் கொடுத்ததாம். காலையும் மாலையும் கையிலும் காலிலும் தேய்த்துவிட வேண்டுமாம்.

முனுசாமி நாற்காலியில் இருந்தார். சட்டை இல்லை. எண்ணெய் மினுங்குகிற வலது கை, புழுப் படுக்கை விரித்த தாங்கின் விளிம்பில் கிடந்தது. கண் மூடியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. கடலைக்கொடி ஆய்கிற அந்த ஓசை மனை முழுவதும் நிறைந்திருந்தது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே, அந்தக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல நெருங்கின. ஒரு மல்பெரிக் கொப்பின் காம்பைத் தேடிப் பிடித்தன. நழுவ விட்டன. மறுபடி பிடித்தன. அதைத் தூக்கிப் புழுக்களின் மேல் வைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடியும்வரை நான் காத்திருந்தேன். அவ்வளவு நாகரிகம் எனக்கு உண்டு.

பிறகு சொன்னேன். எண்ணெய் வாசனை புழுவுக்கு ஆகாது, கூடு அறுவடை ஆகும்வரை அவர் உள்ளே வர வேண்டாம். என் குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் அவர்கள் மறுத்துப் பேசியிருக்கக்கூடும். "அப்பன்னா எண்ணெய நிறுத்திடட்டுங்களா?" என்று மாதம்மாள் கேட்டார். "அது மருந்து, நிறுத்தக் கூடாது," என்றேன். இரண்டு வாசலையும் நானே அடைத்துவிட்டு, அதைப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெயை மாலையில் மட்டும் தேய்த்து, காலையில் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி உள்ளே விடலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. கல்யாண வீட்டுக்காரர் விஷயத்தில் தோன்றிய தொட்டித் தண்ணீர் இவர் விஷயத்தில் தோன்றவில்லை.

முனுசாமி என்னைப் பார்த்தார். பிறகு இடது கையால் தன் வலது கையை, பிறருடைய பொருளை எடுப்பதுபோல், தாங்கிலிருந்து எடுத்தார். மணிக்கட்டில் ஒரு புழு ஏறியிருந்தது. கையை ஓர் இலைமேல் சாய்த்து, புழு தானாக இறங்கும்வரை பொறுத்திருந்தார். அது இறங்கிய பிறகுதான் எழுந்தார். மாதம்மாள் அவரைத் தாங்கி வாசலைக் கடக்கும்போது திரும்பி என்னிடம் சொன்னார்:

"அவுருகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க மேடம், திரும்பக் கூப்புடுவோம்னு. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றன்னு நெனச்சிக்குவாரு."

ரோஸிலினின் தலை

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்கு அடுத்த மனைக்கு நேரமாகிவிட்டது. "எல்லாம் சரியாகிவிடும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தத் தொகுதி மிக நன்றாக வந்தது. வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் அமுங்காத கூடுகள். தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோகும் வழியில் மாதம்மாள் ஒரு கைப்பிடிக் கூடு கொடுத்துவிட்டுப் போனார். முனுசாமியைப் பற்றிக் கேட்டேன். "படுத்திருக்கறாருங்க," என்றார். நான் பதிவேட்டில் விளைச்சலை எழுதி, பக்கத்தில் குறிப்பு என்ற கட்டத்தில், தைல வாசனை உரிய நேரத்தில் தவிர்க்கப்பட்டது என்று எழுதினேன். எழுதியதை ரோஸிலினுக்கு வாசித்தும் காட்டினேன்.

ரோஸிலின் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். என் வயதுக்காரி. மையத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை நேரம் தவிர எந்த நாளும் வராமல் இருந்ததில்லை. கழுவுவதை நிறுத்தினாள். கையைத் துடைத்தாள். தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தாள். அந்தத் துணியும் என் பத்து விதிகளில் ஒன்று. படிய வாரிய தலையை என் முகத்துக்கு நேரே குனிந்து காட்டினாள். நாற்காலியில் இருந்தபடியே எனக்கு வாசனை தெரிந்தது. எப்படி இத்தனை நாள் தெரியாமல் போயிற்று என்று கேட்காதீர்கள். பழகிப்போன வாசனைக்கு மூக்கு கிடையாது. அவள் பயந்துகொண்டு சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கும் குரலிலும் சொல்லவில்லை. எனக்கு ஏதோ ஒரு கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பவள்போலச் சொன்னாள்:

"ஒம்பது வருசமா தெனமும் தேங்கா எண்ண வெச்சிக்கிட்டுத்தான் உள்ளார வரன் மேடம். நம்ப புழு எந்தத் தட்டுல செத்துது, சொல்லுங்க."

இரண்டு மாதம்

அன்றே போயிருக்க வேண்டும். பாப்பாரப்பட்டியிலிருந்து அந்த வீடு அரை மணி நேரம். ஆனால் நான் ஒழுங்கு உள்ளவள். அறுவடை முடிந்ததும் மல்பெரியைக் கவாத்து செய்வார்கள். அடுத்த இலை வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அப்போது மாதம்மாள் புழு எடுக்க வருவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். வெட்டிய இடத்திலிருந்து அதே வேகத்தில் எல்லாமே தழைக்கும் என்பது என் எண்ணமாக இருந்திருக்க வேண்டும்.

இலை தழைத்தது. புழுவை நானே கொண்டுபோனேன். முனுசாமியைக் குளிப்பாட்டி மனைக்குள் உட்கார வைக்கச் சொன்னேன். மாதம்மாள் செய்தார். அவர் நாற்காலியில் அமர்ந்தார். முகம் தெளிந்தது. காது புழுவின் பக்கம் சாய்ந்தது. இடது கையால் கொப்பை எடுத்து வைத்தார். வலது கையை மட்டும் மாதம்மாள் தூக்கித் தாங்கின்மேல் வைக்க வேண்டியிருந்தது. வைத்த இடத்திலேயே அது இருந்தது. இரண்டு மாதமும் அது கட்டிலைவிட்டு அசையவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். பயிற்சி கொடுக்கும் பெண் முன்பே எச்சரித்ததையும், ஜொரத்தில் நிற்கும் புழுவின் படுக்கையைக் கலைக்கக் கூடாது என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்ததையும், ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து, கடைசிக் கட்டப் புழுவைப் பார்க்க மறுபடி போனேன். மனை முழுவதும் அந்த ஓசை. முனுசாமியின் எதிரே குனிந்து, "நான் செய்தது தப்பு," என்று தொடங்கினேன். அவர் இடது உள்ளங்கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மன்னித்தாரா, புழு தின்னும்போது பேசாதே என்றாரா, எனக்குத் தெரியாது. நானும் பேசாமல் கேட்டேன். வெகுநேரம் கேட்டேன். ஓசையில், தூரத்து மூலையில், ஒரு சிறு குறை இருந்தது. எனக்குக் கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று முடிவு செய்வதற்குள் முனுசாமி தாடையால் அந்தப் பக்கம் காட்டினார். போய்ப் பார்த்தேன். இலை தீர்ந்திருந்தது. நான் ஒரு கொப்பை எடுத்து வைத்தேன். வெப்பமானியைப் பார்க்காமல் ஒரு மனையிலிருந்து நான் வெளியே வந்தது அன்றுதான் முதல் முறை.

திரும்பி வரும்போது பார்த்தேன். அந்த வலது கையின்மேல் இரண்டு புழுக்கள் ஏறி, விரல்களுக்கு நடுவே நெளிந்துகொண்டிருந்தன. விரல் அசையவில்லை. மாதம்மாள் நான் பார்ப்பதைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்பவரைப்போலச் சொன்னார்:

"கைய அசச்சா புழு கீழ உழுந்துடும்னு அசைக்காம இருக்காருங்க மேடம். நானு அப்பிடித்தான் நெனச்சிக்கிறன், நீங்களும் அப்பிடியே நெனச்சிக்கங்க."

என் பலகையில் இப்போதும் பத்து விதிகள் இருக்கின்றன, பதினொன்றாவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், அங்கே என்ன எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடாததால், இந்த மையத்தில் யாரும் மீறாத ஒரே விதியாக அந்த வெற்றிடம்தான் இருந்து வருகிறது.